நாய்க் கதையைப் பிடித்துப் போன போலீஸ்

1926-ம் வருடம், மே மாதம் 7-ம் தேதி. மாஸ்கோவில் ஓர் எழுத்தாளர் வீட்டுக்குள் சோவியத் ரகசிய போலீஸ் நுழைந்தது. ஓ.ஜி.பி.யூ. என்று பெயர். சொன்னாலே அழுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வந்தவர்கள் துப்பாக்கி தேடி வரவில்லை. வெடிகுண்டு தேடி வரவில்லை. வீட்டைப் புரட்டிப் போட்டு அவர்கள் எடுத்துக்கொண்டு போனது இரண்டே சமாசாரங்களைத்தான். ஒன்று, எழுத்தாளரின் டைரிகள். இன்னொன்று, ஒரு நாய்க் கதை.

ஆமாம், நாய்க் கதையேதான். தெருநாய் ஒன்று ஆபரேஷனுக்குப் பிறகு மனிதனாகிவிடுகிற கதை. பாட்டி சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்போம். உலகத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தைக் கட்டி ஆண்ட ஓர் அரசாங்கம், அதற்கு ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. எதற்கு?

இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் மூன்று விஞ்ஞானக் கற்பனை நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றும் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டவை. மூன்றும் சோவியத் அரசாங்கத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவை. படித்து முடித்த சூட்டோடு சில அபிப்பிராயங்களைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். புத்தகங்களைவிட அவை பட்ட பாடு பெரிய கதையாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன சொந்தக் கதை. எண்பதுகளில் எங்கள் ஊருக்கு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் புத்தகக் கண்காட்சி வந்தால் அப்பா கூட்டிக்கொண்டு போவார். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள். கெட்டி அட்டை, வழவழ தாள், கலர் படம். விலையோ சில ரூபாய்கள்தான். இவ்வளவு மலிவாகத் தருகிற தேசத்தில் புத்தகத்துக்குப் பஞ்சமே இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். கற்பனைக் கதைகள் பக்கம் நான் கையை நீட்டினால் மட்டும் அப்பா முகம் சுளிப்பார். ‘காதுல பூ சுத்துற கதை, வேற எடு’ என்பார்.

அப்பாவுக்குக் காதில் பூவாகத் தெரிந்தது, அதே மாஸ்கோவில் வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. நாமெல்லாம் அங்கிருந்து வந்த புத்தகங்களைத்தான் பார்த்தோம். வராத புத்தகங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதல் நாவல், ‘நாம்’. எழுதியவர் யெவ்கேனி ஸம்யாதின். பிறந்தது 1884. தொழில் கப்பல் கட்டுவது. இளம் வயதில் போல்ஷ்விக். ஜார் ஆட்சியில் சிறைக்குப் போனார், நாடு கடத்தலையும் பார்த்தார். முதல் உலகப் போர் சமயத்தில், ரஷ்யாவுக்காக பிரிட்டனில் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டப்பட்டபோது மேற்பார்வை பார்க்கப் போனார். அப்படிக் கட்டிய கப்பல் ஒன்றுக்குப் புரட்சிக்குப் பிறகு சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? லெனின்!

1917-ல் புரட்சி வாசனை பிடித்து ஊர் திரும்பினார். 1920-21ல் இந்த நாவலை எழுதினார். ரொம்ப தூரத்து எதிர்காலத்தில் நடக்கிற கதை. உலகத்தில் ஒரே தேசம். யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். கதாநாயகன் டி-503, விண்கலம் கட்டுகிற இன்ஜினீயர். வீடுகளுக்குச் சுவர், தரை எல்லாமே கண்ணாடி. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கலாம். எழுந்திருப்பது, சாப்பிடுவது, உலாவப் போவது என எல்லாம் அட்டவணைப்படிதான், கோடிக்கணக்கானவர்களுக்கும் ஒரே நிமிடத்தில். திரைச்சீலையை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டுமானால் ரோஸ் கலர் சீட்டு வாங்க வேண்டும். எதற்கான சீட்டு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு பெண் வருகிறாள். ஐ-330. அவள் டி-503 இடம் கேட்கிற ஒரு கேள்விதான் நாவலின் உயிர். எண்களிலேயே கடைசி எண் எது, சொல் என்கிறாள். எண்ணுக்கு ஏது முடிவு என்று கணக்குப் பண்டிதர் சிரிக்கிறார். அப்படியென்றால் புரட்சியில் மட்டும் கடைசிப் புரட்சி என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்று மடக்குகிறாள்.

அவ்வளவுதான். கடைசிப் புரட்சியை நடத்தி முடித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஊருக்குள் புத்தகம் வரவில்லை. 1924-ல் முதலில் வெளியானது நியூயார்க்கில், அதுவும் ஆங்கிலத்தில். 1927-ல் பிராக் நகரில், நாட்டைவிட்டு வந்த ரஷ்யர்கள் நடத்திய பத்திரிகை ஒன்று சில பகுதிகளை ரஷ்ய மொழியிலேயே போட்டது. ஸம்யாதினுக்கு வம்பு வந்துவிடக் கூடாதே என்று ஆசிரியர் ஒரு தந்திரம் செய்தார். செக் மொழியிலிருந்து திரும்பவும் ரஷ்ய மொழிக்கு மொழிபெயர்த்த மாதிரி நடையைக் கொஞ்சம் கெடுத்துப் போட்டார். ஒரு எழுத்தாளனைக் காப்பாற்ற அவன் எழுத்தைக் கெடுக்க வேண்டியிருந்தது. என்ன காலம் பாருங்கள்!

அதுவும் பலிக்கவில்லை. 1929-ல் அவருக்கு எதிராகப் பெரிய பிரசாரம் கிளம்பியது. அவருடைய புத்தகங்களும் நாடகங்களும் வெளியே வர வழியில்லாமல் போயிற்று. 1931-ல் நேராக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். எழுத முடியாத எழுத்தாளனாக இருப்பது மரண தண்டனை மாதிரி, என்னை வெளியே போக விடுங்கள் என்று சாரம். கார்க்கி சிபாரிசு செய்ததால் அனுமதி கிடைத்தது. பாரிசுக்குப் போனார். 1937-ம் வருடம் மார்ச் 10-ம் தேதி அங்கேயே இறந்தார்.

என் அபிப்பிராயம்? முதல் ஐம்பது பக்கம் கஷ்டம். வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. உணர்ச்சிகளையெல்லாம் கணக்காகச் சொல்கிறார், வர்க்கமூலம் அது இது என்று. இரண்டு தடவை மூடி வைத்தேன். ஆனால் பழகிவிட்டால் கீழே வைக்க முடியவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் இதைப் படித்து 1946-ல் மதிப்புரை எழுதினார். அவருடைய ‘1984’ வந்தது 1949-ல். கதையைக் கட்டிய விதத்தில் ஆர்வெல்தான் கெட்டிக்காரர். ஆனால் ஆர்வெலிடம் இல்லாத ஒரு குறும்பு ஸம்யாதினிடம் இருக்கிறது. ஆர்வெல் உலகத்தில் ஜனங்கள் பயந்து அடங்கியிருக்கிறார்கள். ஸம்யாதின் உலகத்தில் பெரும்பாலோர் சந்தோஷமாக அடங்கியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயமாக இருந்தது.

அடுத்தது, போலீஸ் பிடித்துப் போன நாய். மிகயீல் புல்ககோவ் எழுதிய ‘நாயின் இதயம்’. புல்ககோவ் அடிப்படையில் டாக்டர். பிறகு பேனாவே கதியென்று ஆனவர். 1925 ஜனவரியில் ஆரம்பித்து மார்ச்சுக்குள் இதை முடித்துவிட்டார்.

புரொஃபசர் ப்ரியோப்ரஜென்ஸ்கி என்று ஒரு பெரிய சர்ஜன். பட்டினியில் கிடந்த ஷாரிக் என்கிற தெருநாயைக் கூட்டி வந்து ராஜ உபசாரம் செய்கிறார். பிறகு, செத்துப்போன ஒரு சில்லறைத் திருடனின் பிட்யூட்டரி சுரப்பியையும் இன்னும் சில சமாசாரங்களையும் எடுத்து நாய்க்குப் பொருத்துகிறார். நாய்க்கு முடி கொட்டுகிறது, நிமிர்ந்து நிற்கிறது, பேசுகிறது. பேச ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கெட்ட வார்த்தை. ஷாரிக்கோவ் ஆகிறது. அடையாள அட்டை கேட்கிறது. புரொஃபசர் வீட்டிலேயே தனக்குப் பங்கு கேட்கிறது. அரசாங்க வேலையும் கிடைக்கிறது. என்ன வேலை? ஊரிலுள்ள தெருப் பூனைகளை ஒழிக்கிற இலாகா! நாய்க்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா?

விழுந்து விழுந்து சிரித்தேன். மாஸ்கோவிலும் சிரித்திருக்கிறார்கள். 1925 மார்ச்சில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் புல்ககோவ் இதை வாசித்துக் காட்டினார். கூட்டத்தில் ஓர் ஓ.ஜி.பி.யூ. உளவாளியும் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதி அனுப்பிய ரிப்போர்ட் பின்னாளில் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தது. கதை எதைக் குத்துகிறது, எப்படிக் குத்துகிறது, கூட்டம் எப்படிச் சிரித்தது என்று பிரமாதமாகக் குறித்திருக்கிறார் மனிதர். தணிக்கைத் துறை என்று ஒன்று விழிப்போடு இருக்கிறவரை இது வெளியே வராது என்ற நம்பிக்கையையும் தெரிவித்திருக்கிறார். பல விமரிசகர்களுக்கு இந்த வாசிப்பு நுட்பம் கிடையாது, சும்மா சொல்லக்கூடாது.

அவர் நம்பிக்கை வீண்போகவில்லை. கட்சியின் பெரிய தலைகளில் ஒருவரான காமனேவ் பார்வைக்குக் கையெழுத்துப் பிரதி போனது. எக்காரணம் கொண்டும் அச்சிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம்தான் அந்த மே 7 சோதனை.

புல்ககோவ் மனு மேல் மனு போட்டார். சில வருடங்கள் கழித்து எல்லாம் திரும்பி வந்தது. கைக்கு வந்ததும் டைரிகளை அவரே எரித்துவிட்டார். அந்நியர்கள் புரட்டிய டைரியை வீட்டில் வைத்திருக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் ஓ.ஜி.பி.யூ. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு உலகம் அந்த டைரியைப் படிக்கிறதென்றால், அதற்கு உதவியது அந்த போலீஸ் ஃபைல்தான். எழுதியவன் எரித்தான். பறித்தவன் பத்திரப்படுத்தினான்.

1930-ல் அவரும் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 18-ம் தேதி வீட்டு டெலிபோன் அடித்தது. பேசியவர் ஸ்டாலின். வெளிநாடு போக விருப்பமா என்று கேட்டார். ரஷ்ய எழுத்தாளனால் ரஷ்யாவுக்கு வெளியே வாழ முடியாது என்றே தோன்றுகிறது என்கிற மாதிரி பதில் சொன்னார் புல்ககோவ். மாஸ்கோ ஆர்ட் தியேட்டரில் ஒரு வேலை கிடைத்தது. எழுத்துக்கு வழி கிடைக்கவில்லை. 1940-ல் இறந்தார். தேதி மார்ச் 10. ஸம்யாதின் இறந்த அதே தேதி. இருவரும் நண்பர்கள். ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். கணக்கு என்னவோ ஒன்றாகத்தான் முடிந்தது.

நாவலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புரொஃபசர் பக்கம் நான் முழுசாகச் சாய முடியவில்லை. ஊரே இடநெருக்கடியில் தவிக்கும்போது மனிதர் ஏழு ரூம் போதாதென்று எட்டாவது கேட்கிறார். படிக்காதவனைப் பார்த்தாலே அவருக்கு இளக்காரம். புல்ககோவுக்கும் அவர்மேல் கொஞ்சம் பிரியம் ஜாஸ்தி. ஆனாலும் கடைசியில் அந்த புரொஃபசர் வாயாலேயே உண்மையை வரவழைத்துவிடுகிறார். அவனுக்கு இருப்பது நாயின் இதயம் இல்லை, மனுஷ இதயம், அதுதான் பயங்கரம் என்கிறார் அவர். தலைப்பையே தலைகீழாகப் புரட்டிப் போடுகிற இடம் அது.

மூன்றாவது, ‘சாலையோரப் பிக்னிக்’. அர்க்காதி, போரிஸ் என்கிற ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்கள் எழுதியது. அண்ணன் ஜப்பானிய மொழி நிபுணர், தம்பி வானியல் படித்தவர். ஸ்டாலின் காலம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, 1972-ல் லெனின்கிராடில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்னை என்கிறீர்களா? புத்தகமாகப் போட எட்டு வருடம் ஆனது.

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாருடனும் பேசவில்லை, யாரையும் கண்டுகொள்ளவில்லை. வந்துபோன இடத்தில் விநோதப் பொருட்கள் கிடக்கின்றன. தொட்டால் சாவு, விற்றால் காசு. எதற்காக வந்தார்கள்? கதையில் ஒரு விஞ்ஞானி சொல்கிற விளக்கம் அட்டகாசம். காரில் போகிறவர்கள் சாலையோரம் நிறுத்தி, சாப்பிட்டு, காகிதத்தையும் பாட்டிலையும் போட்டுவிட்டுப் போகிறார்கள் அல்லவா? பிறகு எறும்பும் பூச்சியும் வந்து திகைத்துப் பார்க்கும் அல்லவா? அந்தப் பூச்சிகள்தான் நாம்.

அந்தப் பகுதிக்குப் பெயர் ‘ஸோன்’. திருட்டுத்தனமாக உள்ளே போய்ப் பொருள் எடுக்கிறவன் ‘ஸ்டாக்கர்’. அப்படி ஒருவன்தான் ரெட் ஷூஹார்ட். அடிதடி, குடி, ஜெயில் என்று எல்லாம் உண்டு. வீட்டில் மனைவி, ஒரு பெண் குழந்தை. அப்பன் ஸோனுக்குள் போய் வந்ததன் விளைவு பெண்ணின் உடம்பில் தெரிகிறது. வருடத்துக்கு வருடம் அவள் மனித சாயலை இழந்துகொண்டே போகிறாள். அந்த வீட்டுக் காட்சிகளைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பதிப்பகம் என்ன ஆட்சேபித்தது தெரியுமா? சகோதரர்கள் அரசியல் ரீதியான எதிர்ப்புக்குத் தயாராக இருந்தார்கள். வந்ததோ வேறு. கதாபாத்திரங்கள் ஒழுக்கமாக நடந்துகொள்ளவில்லை. அடிதடி ஜாஸ்தி. கொச்சை வார்த்தை ஜாஸ்தி. பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திருத்து, திரும்ப அனுப்பு, மறுபடி திருத்து. போரிஸ் பின்னாளில் இதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். நடுவில் 1979-ல் தார்க்காவ்ஸ்கி இந்தக் கதையை வைத்து ‘ஸ்டாக்கர்’ என்று படமே எடுத்துவிட்டார். 1980-ல்தான் புத்தகம் வந்தது, நிறையச் சிதைந்துபோய்.

இங்கேதான் எனக்குத் திக்கென்றது. 1925-ல் உளவாளிக்குக் கதை புரிந்தது. புரிந்ததால் தடுத்தான். எழுபதுகளில் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களின் பட்டியலில் கதையே இல்லை, வார்த்தைகள்தான் இருந்தன. தடுப்பது அங்கே ஒரு தினசரி உத்தியோகம் ஆகிவிட்டிருந்தது. முதலாவது பகை. பகையிலாவது ஒரு மரியாதை உண்டு. இரண்டாவதில் அதுவும் இல்லை. எட்டு வருடத்தில் அந்தச் சகோதரர்கள் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார்களோ, யார் கண்டது?

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்து, சுற்றிலும் முப்பது கிலோமீட்டரைக் காலி செய்தார்கள். பின்னாளில் அந்த ஸோனுக்குள் திருட்டுத்தனமாகப் போகிறவர்களுக்கு ஸ்டாக்கர் என்றே பெயர் விழுந்தது. உடனே, ஆகா, சகோதரர்கள் தீர்க்கதரிசிகள் என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் ஆருடம் சொல்லவில்லை. தன் சக்திக்கு மீறிய ஒன்றின் பக்கத்தில் வாழ நேர்ந்தால், சாதாரண மனுஷன் அதை வைத்து எப்படிப் பிழைப்பு நடத்துவான் என்று யோசித்தார்கள். யோசனை சரியாக இருந்தது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் விட மனசு வராது. ‘நாம்’ எழுதி முடித்தது 1921. ஊருக்குள் அச்சானது 1988, கோர்பசேவ் காலத்தில், ‘ஸ்னாம்யா’ பத்திரிகையில். 67 வருடம். ‘நாயின் இதயம்’ 1925-ல் முடிந்து 1987-ல் வந்தது, அதே பத்திரிகையில். 62 வருடம். ‘பிக்னிக்’ எட்டு வருடம். கூட்டினால் 137. சோவியத் யூனியன் என்கிற தேசம் இருந்ததே 1922 டிசம்பரிலிருந்து 1991 டிசம்பர் வரை, 69 வருடங்கள்தான். தன் மொத்த ஆயுளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலத்தை, மூன்று கதைப் புத்தகங்களை மறிப்பதில் செலவு வைத்திருக்கிறது. வரவுப் பத்தியில் என்ன எழுதுவது? ஒன்றும் இல்லை. புத்தகங்கள் இருக்கின்றன. தேசம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தடை செய்த புத்தகமெல்லாம் நல்ல புத்தகம் என்று நான் சொல்ல வரவில்லை. தடை வாங்கிய ஒரே தகுதியில் ஓடிய குப்பைகளும் உண்டு. இந்த மூன்றும், தடை என்கிற தகவலே தெரியாமல் எடுத்துப் படித்தாலும் உங்களை உலுக்கும். ‘பிக்னிக்’ முடிவில் ரெட், விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகச் சொல்லப்படுகிற தங்கக் கோளத்தின் முன்னால் நிற்கிறான். மகளுக்காகக் கேட்க வந்தவன். என்ன கேட்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் ஒருதடவைகூட சொந்தமாக யோசிக்க அவனுக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. கடைசியில் என்ன கேட்கிறான் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் ‘நாயின் இதயம்’ புத்தகத்தைக் கையில் கொடுத்து, பூனை பிடிக்கிற இலாகா வருகிற இடத்தைப் படிக்கச் சொல்லியிருப்பேன். வாழ்நாள் முழுக்க அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர். நிச்சயம் சிரித்திருப்பார். சத்தம் போட்டே சிரித்திருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து யாரும் குறிப்பெடுக்கப் போவதில்லை.